வலது ஓரத்து டிரம்பெட்

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் பாலாற்று மணலில் பெரிய விவாதம். ஊதப் போகும் முன் என்ன சாப்பிடலாம் என்று. உமர் ஃபாரூக் தயிர் கூடவே கூடாது என்கிறார், சளி கட்டுமாம். அவர் பஜாரில் சீட் கவர் தைப்பவர். ஆம்பூரில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களில் பாதி அவர் தைத்த சீட்டில்தான் ஓடுகிறது. தொண்டையைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். "தோஸ்த், அறுவது வருசமா என் தொண்டை என்கிட்டதானே கீது" என்றார்.

சூரியபிரகாஷ் வாழைப்பழம் என்றான். அவன் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷன் சூப்பர்வைசர். நோட்ஸ் பார்த்து வாசிப்பவன், வெளிநாட்டு வீடியோ பார்த்துப் பழகுபவன். பாண்டியன் மட்டும், தான் வெறும் வயிற்றில்தான் ஊதுவதாகச் சொன்னான். அவன் எங்கள் பேண்டு செட்டு முதலாளி. எந்தக் கல்யாண வீட்டிலும் முதல் பந்தியில் அவன் இலை இருக்கும். அவன் பட்டினியாக ஊதி நான் பார்த்ததில்லை.

நாங்கள் நாலு பேரும் டிரம்பெட். வீட்டில் ஊதினால் அக்கம்பக்கம் சண்டைக்கு வருகிறார்கள் என்றுதான் ஆற்றுக்கு வருவது. பாதி நேரம் ஊதுகிறோம், பாதி நேரம் பேச்சு.

இன்று நான் விவாதத்தில் சேரவில்லை. நேற்று வாணியம்பாடி வரவேற்பில் பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் வாயில் உப்புக் கரித்தது. மவுத்பீஸை எடுத்துப் பார்த்தால் ரத்தம். மேல் முன்பல் இரண்டும் ஆடுகின்றன. பாட்டை முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, சனி

வேலூர் போய் இரண்டையும் பிடுங்கிக்கொண்டு வந்தாயிற்று. மருத்துவர் சின்ன வயதுப் பெண், பொறுமையானவள். பல் செட் வைத்துத் தருகிறேன், சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் ஒரு குறையும் வராது என்றாள். ஊதலாமா என்று கேட்டேன். யோசித்துப் பதில் சொன்னாள். "அது கஷ்டம்ங்க ஐயா. உதட்டுக்குப் பின்னால முட்டுக்கொடுக்க ஒண்ணு வேணுமே." செட் நழுவுமாம். உண்மையைச் சொன்னாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

கூட வந்த என் மனைவி சம்பூர்ணத்தோடு பேருந்தில் திரும்பினேன். பள்ளிகொண்டா தாண்டியதும், "எழுவது வயசாவுது. போதாதா?" என்றாள்.

போதாது.

பிப்ரவரி 18

காற்றுதான் வருகிறது. பஞ்சரான டியூப் மாதிரி.

பிப்ரவரி 23, ஞாயிறு

பாண்டியன் வீட்டுக்கு வந்தான். ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். பல் இல்லாதவனுக்கு ஆப்பிள்.

சம்பூர்ணம் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் விஷயத்துக்கு வந்தான். நான் செட்டை விட்டுப் போக வேண்டாமாம். மாசி முகூர்த்தம் எல்லாவற்றுக்கும் வழக்கம்போல் வரலாமாம். கோட்டு போட்டு, டிரம்பெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதுமாம். சம்பளத்தில் கை வைக்க மாட்டானாம்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. டம்மி.

கல்யாண வீட்டுக்காரர்கள் எண்ணிக்கை பார்த்துத்தான் செட்டுப் பேசுவார்கள். பதினைந்து பேர் வேண்டும் என்பார்கள். பதினைந்து பேர் ஊதுகிறார்களா என்று எவனும் பார்ப்பதில்லை. அதனால் எல்லாச் செட்டிலும் நாலைந்து பேர் சும்மா நிற்பார்கள். கோட்டு, தொப்பி, கையில் ஒரு வாத்தியம். கன்னத்தை உப்பவைப்பார்கள், விரலை அசைப்பார்கள். சத்தம் வந்துவிடக் கூடாதென்று குழாய்க்குள் லைனிங் தோல் துண்டைச் சுருட்டி அடைத்துவிடுவார்கள். எனக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்காக நின்றிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். பெயிண்டர், வாட்ச்மேன். அவர்களோடு டீ குடித்திருக்கிறேன்.

ஆனால் நான் டம்மி இல்லை.

எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் பீப்பாய்கள் உருளும் சத்தத்துக்குள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே ஊதி, நானே தப்புக் கண்டுபிடித்து, நானே திருத்தினேன். நோட்ஸ் தெரியாது. ஒரு தடவை கேட்டால் திருப்பி ஊதுவேன். இவ்வளவையும் இந்தப் பாண்டியனிடம் சொல்லவில்லை. ஆப்பிளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

"அண்ணா, உங்க நல்லதுக்குத்தான்" என்றான் செருப்பு மாட்டும்போது.

என் நல்லது எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 24

சம்பூர்ணம் நேற்றிலிருந்து முகம் கொடுக்கவில்லை. சும்மா நிற்பதற்குச் சம்பளம் யார் தருவார்கள் என்கிறாள். அவளுக்கு நான் எப்படிச் சொல்வது? நாற்பத்தைந்து வருஷம் சமைத்தவளை வெறும் அடுப்புக்கு முன்னால் நின்று கரண்டியை ஆட்டச் சொன்னால் ஆட்டுவாளா? இதையே அவளிடம் கேட்டேன். "சம்பளம் குடுத்தா ஆட்டுவேன்" என்றாள்.

மார்ச் 6, வியாழன்

ரம்ஜான் நோன்பு ஆரம்பித்துவிட்டது. உமர் பாய் நோன்பில் ஊத மாட்டார். இருந்தாலும் காலையில் மணலுக்கு வந்து உட்கார்ந்து, வாயில் வைக்காமல் விரலை மட்டும் அழுத்திப் பழகுகிறார். எனக்குப் பல் இல்லை, அவருக்கு நோன்பு. சூரியபிரகாஷ் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டுத் தள்ளிப் போய் ஊதினான். பாண்டியன் வரவில்லை. இப்போதெல்லாம் நான் வரும் நாளில் அவன் வருவதில்லை.

பேச்சு எங்கெங்கோ போனது. பாயின் மருமகள் வஹீதா ஸ்கூட்டி பழகி முதல் நாளே மாவு மில்லில் மோதியது. மிளகாய் விலை. கல்யாண வீடுகளில் ஊதுகிறவர்களுக்குக் கடைசிப் பந்தி போடுவது, அதில் பாயசம் தீர்ந்துபோவது. பேசிக்கொண்டே மவுத்பீஸை உதட்டில் தடவிக்கொண்டிருந்தேன். நடுவில் பள்ளம். இடது பக்கம் பல் சாய்ந்திருக்கிறது. வலது பக்கம், கோரைப்பல்லுக்குப் பக்கத்தில், தட்டிப் பார்த்தால் சுவர் மாதிரி இருக்கிறது.

அங்கே வைத்து ஊதினேன்.

ஒரு சத்தம் வந்தது. சத்தம்தான், சுரம் இல்லை. ஆனால் காற்று இல்லை, சத்தம்.

பாய் விரல் அழுத்துவதை நிறுத்திவிட்டார். "யா அல்லா, குர்பானி ஆடு மாரி கத்துது."

சூரியபிரகாஷ் ஓடி வந்தான். அப்படி ஓரத்தில் வைக்கக் கூடாது, தசை ஒரு பக்கமாக இழுக்கும், எல்லாப் புத்தகத்திலும் நடுவில்தான் வைக்கச் சொல்கிறார்கள் என்றான். அவன் சொல்வது சரிதான். புத்தகம் எழுதியவனுக்குப் பல் இருந்திருக்கும் என்றேன்.

மார்ச் 12

உதடு வீங்கிவிட்டது. சம்பூர்ணம் மஞ்சள் அரைத்து வைத்தாள், திட்டிக்கொண்டே.

மார்ச் 21, வெள்ளி

கீழே நாலு சுரம் நிற்கிறது. ஐந்தாவது வழுக்கிக்கொண்டு போகிறது. சின்னப் பிள்ளை படியேறுகிற மாதிரி நானே தொட்டுத் தொட்டு ஏறுகிறேன். இந்த நாலும் நேற்று இல்லை, இன்று இருக்கிறது. அது போதும் இன்றைக்கு.

ஒன்று கவனித்தேன். ஓரத்தில் வைத்து ஊதும்போது டிரம்பெட் நேராக நிற்பதில்லை. வாய் வலது பக்கம், அதனால் முன்னால் விரிந்திருக்கிற புனலும் வலது பக்கம் திரும்பிக்கொள்கிறது. நேராக்கினால் சுரம் போய்விடுகிறது. திரும்பியே இருக்கட்டும்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். பாய் வீட்டில் பிரியாணி. அவர் மனைவி ஜஹீருன்னிசா எனக்கென்று கறியைக் குழைய வேகவைத்துத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அதை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லித்தான் பரிமாறினார். பல் போனது இப்போது அந்தத் தெரு முழுக்கத் தெரியும்.

சாப்பிட்டபின் மாடிக்குப் போனோம். பாய் ஒரு மாதம் கழித்து வாயில் வைத்தார். கீச்சென்றது. நான் ஊதினேன். என்னுடையது கீச்சென்னவில்லை. பாய் என்னை முறைத்துப் பார்த்தார். "நோன்பு வெச்சவன் நானு. சவாபு, புண்ணியம் எல்லாம் உனக்குப் போய்க்கினு கீது." நான் இன்னொரு தடவை ஊதிக் காண்பித்தேன்.

ஏப்ரல் 30, புதன்

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

நேற்று மாலை பைபாஸ் பக்கத்து மண்டபத்தில் பாண்டியன் செட்டு. நான் எதிர்ச்சாரியில் மருந்துக் கடை வாசலில் நின்று பார்த்தேன். மாத்திரை வாங்கத்தான் போனேன். சரி, பார்க்கத்தான் போனேன்.

என் இடத்தில் ஒருவன். என் கோட்டு. தோளில் சம்பூர்ணம் தைத்த நூல் தெரு விளக்கில் தெரிகிறது. அவன் ஊதவில்லை. கன்னம் பலூன். பாட்டு நிற்கிற இடத்தில் இவன் விரல் ஆடுகிறது, பாட்டு ஓடுகிற இடத்தில் சும்மா நிற்கிறது. எவனும் கவனிக்கல. ஒருத்தன் கூட. நான் இருந்தப்பவும் இப்பிடித்தானா? எவனாவது கேட்டானா? இன்னா எழவுக்கு ரத்தம் வர வர ஊதினேன் நானு?

—

ராத்திரி தூங்கவில்லை. காலையில் பதில் கிடைத்தது. மற்றவன் கேட்பதற்காக நான் பழகவில்லை. பீப்பாய்ச் சத்தத்தில் எவன் கேட்டான்? நான் கேட்டேன். அதற்காக ஊதினேன். ஆற்றுக்குப் போனேன், வெயில் ஏறுகிறவரை ஊதினேன். ஆறாவது சுரம் நின்றது.

மே 5, திங்கள்

பாண்டியன் மனைவி அம்பிகாவோடு வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. மகள் சௌமியாவுக்குக் கல்யாணம். ஜூன் எட்டு. சௌமியா நல்ல பெண், என்னைப் பெரியப்பா என்பாள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

ஊதுகிறவன் வீட்டுக் கல்யாணம் என்றால் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, எல்லா ஊர்ச் செட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கூலி கிடையாது, கோட்டு கிடையாது. டம்மி மட்டும் கூடவே கூடாது. அன்றைக்கு வாத்தியம் பிடித்தவன் ஊதியாக வேண்டும். பெண்ணைப் பெற்றவன் அன்று வாத்தியத்தைத் தொட மாட்டான், வரிசைக்குள்ளும் வர மாட்டான். பெண் அழைப்பில் டிரம்பெட்காரர்கள் ஒரே வரிசையாக நின்று ஒரு பாட்டை ஆளுக்கு ஒரு அடியாக எடுப்போம். அதற்குச் சுத்து என்று பேர். வலது ஓரத்து ஆள் ஆரம்பிக்க வேண்டும், இடது ஓரம் வரை போய்த் திரும்பி அவனிடமே வர வேண்டும், அவனே முடிக்க வேண்டும். எவனுடைய அடி உடைகிறதோ அவன் பேரைப் பத்து வருஷம் சொல்லிச் சிரிப்பார்கள். பெண் வீட்டுக்கும் அது நல்லதில்லை என்று ஒரு பேச்சு.

அம்பிகா உள்ளே சம்பூர்ணத்தோடு போனதும் பாண்டியன் தொண்டையைக் கனைத்தான். நான் அவசியம் வர வேண்டுமாம். முன்வரிசையில் எனக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறானாம்.

"உக்காரக் கூப்புடுறியா, ஊதக் கூப்புடுறியா?"

அவன் தரையைப் பார்த்தான். "எம் பொண்ணு கல்யாணம்ணா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆய்ட்டா..."

பத்திரிகையைச் சாமி மாடத்தில் வைத்தேன். ஜூன் ஏழு மாலை பெண் அழைப்பு. வரிசையில் நிற்பேன்.

மே 7

பாயிடம் சொன்னேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். பாண்டியனும் பாவம்தான், பெண்ணைப் பெற்றவன், பயம் இருக்கத்தானே செய்யும் என்றார். உம்மிடம் யார் ஞாயம் கேட்டது, போய் சீட் கவர் தையும் என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

மே 8

ஆற்றுக்குப் போகவில்லை. அங்கே அவர் இருப்பார்.

மே 14, புதன்

அக்னி வெயில். வேலூர் வெயிலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது. தனியாக ஊதுவதற்காகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிறேன். மூன்று பாட்டு ஊதினால் உதடு மரத்துப்போகிறது. மேல் சுரம் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. வராத நாளில் பாண்டியன் சொன்னது காதில் கேட்கிறது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆய்ட்டா.

சௌமியாவுக்கு ஒரு கெட்டது நடக்க வேண்டும் என்றா நான் ஊதப் போகிறேன்? உடைந்தால் என்ன செய்வேன்?

உடையாது.

மே 19, திங்கள்

பாய் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கமே வந்துவிட்டார். கையில் பிளாஸ்கில் டீ. சமாதானம் எதுவும் பேசவில்லை. "இந்தப் பக்கம் மணல் ஜாஸ்தி சுடுது" என்று சொல்லி உட்கார்ந்தார். பின்னாலேயே சூரியபிரகாஷ்.

அவனுக்கு வேறு பயம். சுத்துக்கு வலது ஓரத்தில் ஆரம்பிக்கப் பாண்டியன் அவனைத்தான் சொல்லியிருக்கிறான். அவனுக்கு நோட்ஸ் முன்னால் இருந்தால்தான் நிம்மதி. சுத்தில் தாள் பிடிக்க முடியாது. பாட்டு ஒருத்தனிடமிருந்து ஒருத்தனுக்குப் போகும்போது எவன் எப்படி வளைப்பான் என்று தெரியாது. கம்பெனியில் ஆடிட் வந்தால்கூடத் தனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை என்றான்.

மூன்று பேரும் சுத்து எடுத்துப் பார்த்தோம். நான் ஊதி முடித்ததும் பாய் டீயை ஊற்றி எனக்கு முதலில் கொடுத்தார். சூரியபிரகாஷ், "இது எப்பிடி வருதுன்னு எனக்குப் புரியல பெரியவரே" என்றான். பெரியவரே என்று கூப்பிடாதே என்றேன். மற்றபடி கோபமில்லை.

ஜூன் 2

மேல் சுரம் மூன்று நாளாகத் தவறவில்லை. சம்பூர்ணம் என் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டாள். நான் கேட்கவில்லை.

ஜூன் 7, சனி

இன்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

பக்ரீத். விடிந்ததிலிருந்து ஊரில் லாரிகள். தோல் மண்டிகளுக்குத் தோல் போய்க்கொண்டே இருந்தது. பாய் மதியம் ஸ்கூட்டரில் வந்து கறிப் பொட்டலத்தைச் சம்பூர்ணத்திடம் கொடுத்தார். கைநாற்றம் போனால் சாயங்காலம் வருகிறேன் என்றார்.

அம்மன் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். கோயில் முன்னால் பத்துப் பன்னிரண்டு டிரம்பெட்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். பாண்டியன் பட்டுக்கரை வேட்டி, தோளில் துண்டு. சம்பந்தி பக்கத்தில் நிற்கிறார். என் கையைப் பார்த்தான். சம்பந்தியிடம் ஏதோ சொல்லிவிட்டு வேகமாக வந்தான்.

"இன்னாண்ணா இது?"

"டிரம்பெட்டு."

"அது தெரியுதுண்ணா..."

"தெரிஞ்சா போய் மாப்புள ஊட்டுக்காரங்கள கவனி. காத்துக்கினு கீறாங்க."

போய்விட்டான். போகாமல் என்ன செய்வான்? அவனால் இன்று வரிசைக்குள் வர முடியாது.

வரிசை நின்றது. நான் பெருமைக்கு எங்கும் போய் நிற்கவில்லை, இது சத்தியம். இடது ஓரத்திலிருந்து மூன்றாவதாக நின்றேன். பதம் பார்க்கத் தூக்கினேன். என் புனல் வலது பக்கம் நின்ற குடியாத்தத்துக்காரர் காதில் போய் இடித்தது. அவர் தள்ளி நின்றார். தள்ளி நின்றும் இடித்தது. இடம் மாறி நடுவில் நின்றேன். அங்கே பேரணாம்பட்டு ஆளின் கன்னத்தில் பட்டது. ஆற்றில் நாங்கள் வட்டமாக உட்கார்ந்துதான் ஊதினோம், வரிசையில் நின்று பார்க்கவில்லை. இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் நாலைந்து பேரைத் தாண்டி நின்றேன். சூரியபிரகாஷ் காதைப் பொத்திக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு நொடி.

பாய்தான் சத்தமாகச் சொன்னார். "யோவ், இந்தாளு கொம்பு மாடு. ஓரமா கட்டுங்கய்யா."

சிரிப்பு நின்றது. ஏனென்றால் என் புனல் எவன் மேலும் படாத இடம் ஒன்றுதான் இருந்தது. வலது ஓரம். அங்கே நின்றால் பாட்டை ஆரம்பிக்க வேண்டும்.

சூரியபிரகாஷ் தூரத்தில் நின்ற பாண்டியனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இரண்டு எட்டு இடது பக்கம் நகர்ந்தான். "நீங்களே ஆரம்பிச்சிருங்க. எனக்குக் காது மிஞ்சினா போதும்." விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அவன் பயம் விட்டுப்போனதை நான் பார்த்தேன்.

பாண்டியனும் பார்த்துவிட்டான். எங்களை நோக்கி வரக் கிளம்பினான். அம்பிகா அவன் துண்டைப் பிடித்தாள்.

டிரம் உருட்டினார்கள். நிறுத்தினார்கள். சௌமியா காரில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்க்கிறாள்.

ஆரம்பமே மேலேதான். கீழேயிருந்து ஏறிப் போகிற பாட்டு இல்லை அது, எடுத்த எடுப்பில் உச்சியில் நிற்க வேண்டும். வலது பக்கத்துப் பல்லை நாக்கால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். வைத்தேன். ஊதினேன்.

வந்தது.

சுத்தமாக வந்தது. பல் இருந்த காலத்தில் என் சத்தம் அகலமாக இருக்கும். இது ஒல்லி, ஆனால் கூர்மை. கோயில் மதிலில் பட்டுத் திரும்பி வந்து எனக்கே கேட்டது. என் அடியை முடித்துச் சூரியபிரகாஷிடம் கொடுத்தேன். அவன் ஒரு சின்ன வளைவு வைத்து வாங்கினான், தாளில் இல்லாதது. அங்கிருந்து பாட்டு நகர்ந்து நகர்ந்து போனது. பாய் தன் அடியில் சேட்டை பண்ணினார். குடியாத்தத்துக்காரருக்குக் கொஞ்சம் உடையப் பார்த்தது, பிடித்துவிட்டார். அந்த ஓரம் போய்த் திரும்பியது. திரும்பி வர வர உதடு இறுகிக்கொண்டே போனது. வந்ததும் யோசிக்க நேரமில்லை. எடுத்தேன், மேலே போனேன், கடைசிச் சுரத்தில் நின்றேன். டிரம்காரன் எப்போது அடிக்க என்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் விடவில்லை. போதும் என்று எனக்குத் தோன்றியபோதுதான் விட்டேன்.

டிரம்களெல்லாம் ஒன்றாக இறங்கின. ஊர்வலம் நகர்ந்தது. பெண்கள் கூட்டத்தில் சம்பூர்ணம் யாரிடமோ என்னைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் திட்டியதை அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

பாண்டியனைத் தேடினேன். சம்பந்தி பக்கத்தில் மாலையோடு நின்றிருந்தான். முகம் எப்படியோ இருந்தது. வலது கை மட்டும் தொடையில், வேட்டி மேல், மூன்று விரலும் பாட்டுக்கு ஏற்ற மாதிரி அழுத்திக்கொண்டிருந்தன. அவனுக்குத் தெரியாமலே.

மண்டப வாசலில் சூரியபிரகாஷ் பக்கத்தில் வந்து, மேல் சுரத்தில் நீங்கள் சுருதியில் ஒரு நூல் கம்மியாக இருந்தீர்கள் என்றான். மற்றவர்கள் ஒரு நூல் ஜாஸ்தியாக இருந்திருப்பார்கள் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

முகூர்த்தத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். ஊதியவன் உட்காரலாம்.

ஜூன் 15, ஞாயிறு

பாண்டியன் ஆற்றுக்கு வந்தான். ரொம்ப நாளுக்குப் பிறகு. ஆற்காட்டில் ஒரு கல்யாணத்துக்குச் செட்டுப் பேசிவிட்டு வந்திருக்கிறான், கையில் மக்கன் பேடா பெட்டி. இதற்குப் பல் தேவையில்லை, அந்த அறிவு வந்திருக்கிறது. சௌமியாவும் மாப்பிள்ளையும் மறுவீடு வந்துபோனதைச் சொன்னான். மாப்பிள்ளை நிறைய சாப்பிடுகிறாராம். பாய், தனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒன்றுதான் என்று சொல்லி மூன்று பேடா தின்றார்.

கிளம்பும்போது பாண்டியன் என்னோடு நடந்து வந்தான். "ஆற்காட்டுல பதினஞ்சு பேர் கேக்குறாங்கண்ணா. ஊதுறவங்க பத்துப் பேரு. உங்களையும் சேத்து."

"எதுல சேத்து?"

"ஊதுறவங்கள்ல சேத்துதாண்ணா."

இதை அவன் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. பிப்ரவரியிலிருந்து நான் காத்திருந்தேன், அவன் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

ஜூன் 18

பாண்டியன் இரண்டு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை சம்பூர்ணம் எடுத்து, "வருவாரு, நீ கவலப்படாத" என்று சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஆற்காடு. நல்ல கூட்டம். வேனிலிருந்து இறங்கி வரிசை நிற்கும்போது, புதிதாய் வந்த ஒருவன் வலது ஓரத்தில் போய் நின்றுகொண்டான். பாண்டியன் அவன் தோளைப் பிடித்து உள்ளே நகர்த்தினான். என் பக்கம் திரும்பவில்லை. அந்த இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, தன் டிரம்பெட்டைத் துடைத்தபடி நின்றான்.

போய் நின்றேன்.